என் நாத்தனாரின் லேப்டாப்பில் ஒரு பெயர்

என் கணவரின் தங்கைக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ஊரில் மற்றவர்கள் எல்லாம் கத்துவார்கள். இவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, துடைத்து, மேஜைமேல் வைப்பதுபோலப் பேசுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் அதைச் சாந்தம் என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். இப்போது அந்தக் குரல் காதில் விழுந்தாலே அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பேன்.

அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒரு மருத்துவமனைக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, நடந்துகொண்டே, இருமிக்கொண்டே, சில சமயம் எதையோ மென்றுகொண்டே தங்கள் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டுப் பிழையில்லாமல் தட்டி அனுப்புவது இவள் வேலை. ஒரு காதில் ஹெட்போன் வழியாக மருத்துவர், மறு காதில் லேப்டாப்பின் ஸ்பீக்கர். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் ஒன்று அதில் இருக்கிறது. வீட்டில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி. வாயாடி பேசுகிற வேகத்தில் எங்களுக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடாது. கடுகு பொரிகிற மாதிரி இருக்கும். அவளுக்கோ அதுதான் நிதானம்.

"உங்களுக்கெல்லாம் காது ரொம்பக் கூர்மையாமே" என்று யாராவது வியந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இல்லீங்க, கவனிச்சுக் கேக்கறேன், அவ்வளவுதான். நீங்களும் முயற்சி பண்ணிப் பாருங்க" என்பாள்.

ஒருநாள் அந்த லேப்டாப்பின் வயிற்றுக்குள் பல்லி சொல்வதுபோல டிக், டிக் என்று கேட்க ஆரம்பித்தது. "ஹார்ட் டிஸ்க் போகப் போகுது அண்ணி" என்றாள். முக்கியமான கோப்புகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்ற ஆரம்பித்தாள். பாதி மாற்றுவதற்குள் வாயாடி ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. அத்தோடு சரி.

அவளும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற கடை அது. முன்னால் கண்ணாடி மேஜை, உள்ளே சார்ஜர்கள், பின்சுவர் முழுக்க வயிறு கிழிந்து கிடக்கும் லேப்டாப்கள். கடைக்காரர் முப்பதைத் தாண்டாத ஆள். கையில் திருப்புளியும் உதட்டில் சிரிப்புமாக இருந்தார்.

"சொல்லுங்க மேடம்" என்றார், என்னைப் பார்த்து.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. புதுசு மாட்டி, ஓ.எஸ். போடணும்" என்றாள் நாத்தனார்.

"அவங்க எதுக்கு மேடம் யூஸ் பண்றாங்க? பாட்டு கேக்கவா?" இதுவும் என்னிடம்தான்.

நான் பதில் சொல்லவில்லை. இது எங்களுக்குள் இருக்கிற பழைய ஒப்பந்தம். அவளிடம் கேட்க வேண்டியதை யாராவது என்னிடம் கேட்டால் நான் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். அந்தக் கடையின் கூரையில் பார்க்க ஒன்றுமில்லை, ஒட்டடைதான். அதையே ரசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, லேப்டாப் என்னோடது. கேள்வியை இந்தப் பக்கம் திருப்புங்க."

அவர் நெளிந்தார். பிறகு குரலை உயர்த்தி, சொல் சொல்லாக உடைத்து, "நீங்க! எதுக்கு! யூஸ் பண்றீங்க?" என்றார்.

"வேலைக்கு. காது நல்லாவே கேக்குது."

அவள் இரண்டு விஷயம் சொன்னாள். படித்துச் சொல்லும் மென்பொருள் இந்தப் பென் டிரைவில் இருக்கிறது, அதைக் கட்டாயம் போட வேண்டும். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடக்கூடாது, அதில் நோயாளிகளின் விவரங்கள் இருக்கின்றன, திருப்பித் தர வேண்டும். கடைக்காரர் தலையாட்டினார். "தலையாட்டினா எனக்கு எப்படித் தம்பி தெரியும்? வாயால சொல்லுங்க" என்றாள். "சரிங்க மேடம்" என்றார். பெயரும் போன் நம்பரும் சொன்னாள். அவர் ஏதோ துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டார். வந்துவிட்டோம்.

வேலை முடிந்ததென்று போன் வந்தது. என் கணவர் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் வாங்கி வந்தார். "எல்லாம் பக்காவா இருக்குன்னு சொன்னாரு" என்று மேஜையில் வைத்தார். நாத்தனார் மூடியைத் திறந்தாள், பட்டனை அழுத்தினாள், காத்திருந்தாள். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை.

"வாயாடி மூச்சு விடலையே. அண்ணி, திரையில என்ன இருக்கு?"

அவளுக்காகப் படிப்பதற்கும் ஒரு விதி உண்டு. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிக்க வேண்டும். நம் அபிப்பிராயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்தேன். ஒரு மலை, ஒரு ஏரி, நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே பெரிய ஆங்கில எழுத்தில், இந்த லேப்டாப்பின் சொந்தக்காரர் யார் என்று காட்டுகிற இடத்தில், இரண்டு வார்த்தை.

"பிளைண்ட் லேடி" என்று படித்தேன்.

"என்னது?" என்று எழுந்தார் என் கணவர்.

அவள் அசையவில்லை. "ஸ்பெல்லிங் சொல்லுங்க அண்ணி."

சொன்னேன்.

"ஸ்பெல்லிங்ல தப்பில்லை" என்றாள். குரல் தரையோடு தரையாக இருந்தது.

என் கணவர் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்த ஆரம்பித்தார். அவள் கையை நீட்டிப் போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, என் பேரு சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

"ஆமாங்க மேடம். அது சும்மா ஒரு அடையாளத்துக்குப் போட்டது. மிஷின் ஒண்ணுக்கொண்ணு மாறிடக்கூடாதில்ல? பேரு மறந்துடும், ஆளு மறக்காது பாருங்க."

"படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் ஏன் போடலை?"

"அது மிஷினை ஸ்லோ பண்ணிடும் மேடம். உங்க நல்லதுக்குத்தான் போடலை. அதான் வீட்ல ஆள் இருக்காங்களே, படிச்சுச் சொல்ல மாட்டாங்களா?"

ஒருவருடைய ஊன்றுகோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் தூக்க ஆள் இருக்கிறதே என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தவிர, நான் மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மருத்துவருடைய இருமலுக்கும் இடையில் திரையைப் படித்துச் சொல்வதற்காகவா என்னைப் பெண் பார்த்து அழைத்து வந்தார்கள்?

மறுநாள் திரும்பவும் கடை. அவர் சிரித்துக்கொண்டே அங்கே ஒரு தட்டு இங்கே ஒரு தட்டு தட்டி, வட்டத்துக்குக் கீழே அவள் பெயரைப் போட்டார். ஸ்பீக்கரில் சத்தம் வர வைத்தார். பழைய டிஸ்க் எங்கே என்றால், "அது செத்துப்போன சாமான் மேடம், எங்கயோ கிடக்கும், தேடி வைக்கிறேன்" என்றார். வீட்டுக்கு வந்து பென் டிரைவிலிருந்து வாயாடியை அவளே போட்டுக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து வேலை வந்து குவிந்திருந்தது. முதல் கோப்பை முடித்து, சேமிக்கப் போனாள்.

எங்கே சேமிக்கப் போகிறோம் என்பதை வாயாடி படித்துக் காட்டும். அன்று நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். புதிதாகப் போட்டிருந்ததால் அதன் வேகத்தை அவள் இன்னும் கூட்டியிருக்கவில்லை. அதனால் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"சி. யூசர்ஸ். பிளைண்ட் லேடி. டாக்குமெண்ட்ஸ்."

அந்த ஆள் மாற்றியது வாசலில் தொங்கிய பலகையை மட்டும். முதன்முதலில் ஓ.எஸ்., அதாவது லேப்டாப்பை இயக்குகிற மென்பொருள், போடும்போது கொடுத்த பெயரில் உள்ளே ஒரு ஃபோல்டர் உண்டாகிவிடும். அவளுடைய அத்தனை கோப்புகளும் அதற்குள்தான் குடியிருக்கும். மேலே பெயரை மாற்றினாலும் அந்த ஃபோல்டரின் பெயர் மாறாது. அஸ்திவாரக் கல்லில் வெட்டியது வெட்டியதுதான்.

வேலை நிற்க முடியாது. அதனால் அந்த வாரம் முழுக்க அதோடுதான் வேலை பார்த்தாள். ஒரு கோப்பைத் திறந்தால் பிளைண்ட் லேடி. மூடினால் பிளைண்ட் லேடி. யாருக்கோ சிறுநீரகத்தில் கல் என்று தட்டி முடித்து, சேமி என்றால், பிளைண்ட் லேடி. நான் அடுக்களையில் இருந்தாலும் என் காதில் விழும். ஒவ்வொரு தடவையும் அவள் விரல்கள் ஒரு நொடி நிற்பதும் கேட்கும்.

ஒருநாள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"அண்ணி, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்கே தெரியாதா? அதைச் சொல்றதுல எனக்கு எந்த வெட்கமும் இல்லை. நானே ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கேன். ஆனா என் மேஜையில உக்காந்துக்கிட்டு, என் காதுக்குள்ள, என் மிஷினே என்னை அப்படிக் கூப்பிடுது. எவனோ ஒருத்தன் என் பேரை எடுத்துக் கீழே போட்டுட்டு, அந்த இடத்துல அவன் பார்த்ததை வச்சிருக்கான். அதை நான் தினமும் கேட்டுக்கிட்டு உக்காரணுமா?"

"நல்ல கடையா வேற ஒண்ணு பார்த்துக் கொடுக்கலாம்மா" என்றார் அவள் அண்ணன்.

"அங்க போனா அவன் வேற ஒரு பேரு வைப்பான். பேரு வைக்கிற வேலை இனிமே என்னோடது அண்ணா. மொத்தத்தையும் துடைச்சுட்டு நானே போடப் போறேன்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? ஏதாவது ஏடாகூடமா ஆயிட்டா?"

"இப்ப இருக்கிறதைவிட ஏடாகூடமாவா?"

கல்லூரியில் அவளோடு படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் பார்வை இல்லை, வங்கியில் வேலை. அவளிடம் நாத்தனார் போனில் நெடுநேரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஓ.எஸ். போடும்போது வருகிற நீலத்திரையிலேயே படித்துச் சொல்லும் குரல் ஒன்று ஒளிந்திருக்கிறதாம். மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அது வாயைத் திறக்குமாம். ஆனால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் அந்தக் கட்டத்தில் வேலை செய்யாமல் போகலாம். வெளியிலிருந்து செருகுகிற விரல்நீளச் சவுண்டு கார்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள் என்றாளாம் தோழி. அதற்கு முன்னால் வரும் கறுப்புத் திரைக்கு மட்டும் பேச்சே கிடையாது, அங்கே ஒருவருடைய கண் வேண்டும். இப்படி ஒரு குரல் உள்ளேயே இருக்கிறது என்பதை ஒரு கடையிலும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கே தெரியுமோ என்னவோ!

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். அண்ணனுடைய லேப்டாப்பில் காலையிலேயே ஓ.எஸ்.ஸைப் பென் டிரைவில் இறக்கி வைத்திருந்தாள். வேலைக் கோப்புகளையும் தனியாக எடுத்து வைத்தாயிற்று. அண்ணன்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, பாம்பு பிடிக்கிற இடத்தில் நிற்பவர்போலச் சற்றுத் தள்ளியே நின்றார்.

பட்டனை அழுத்திவிட்டு மேல்வரிசைப் பொத்தான் ஒன்றை மரங்கொத்தி மாதிரித் தட்டினாள். கறுப்புத் திரை வந்தது.

"ஏதேதோ வந்திருக்கும்மா" என்றேன்.

"ஏதேதோங்கிறதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும் அண்ணி? முதல் வரி என்ன?"

படித்தேன். இரண்டாவது வரியில் பென் டிரைவின் பெயர் இருந்தது. கீழ் அம்பை ஒரு தட்டு, என்டர் ஒரு தட்டு. கொஞ்ச நேரத்தில் திரை நீலமாயிற்று. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். மௌனம். திரும்ப அழுத்தினாள். மௌனம். என் கணவர் பெருமூச்சு விட்டார். "அண்ணா, நீ விடற மூச்சுல எனக்கு ஒண்ணுமே கேக்கலை" என்று சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த சவுண்டு கார்டைத் தடவிச் செருகி, ஹெட்போனை அதில் மாட்டாமல் சின்ன ஸ்பீக்கரை மாட்டினாள். மறுபடி அழுத்தினாள்.

ஒரு ஆண் குரல், தூங்கி எழுந்தவன்போல, ஆங்கிலத்தில் இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்தது.

"அட, வாயாடிக்கு ஒரு மந்தமான அண்ணன்!" என்றாள். சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினாள். "போதும் அண்ணி. இனிமே உங்க கண்ணுக்கு லீவு."

நான் போகவில்லை. எப்படிப் போவது? புது டிஸ்க்கில் கடைக்காரர் போட்டதையெல்லாம் அழிக்கும் இடம் வந்தது. அழித்தால் எல்லாம் போய்விடும், உறுதிதானா என்று அந்த மந்தக் குரல் கேட்டது. அவள் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, "நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள். பிறகு என்டரில் ஒரு அடி. கதவை ஓங்கிச் சாத்துகிற மாதிரி இருந்தது அது. மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளர் குலுங்கியது.

கோப்புகள் இறங்கின. சதவீதத்தை அந்தக் குரல் கோயில் மணி அடிப்பதுபோல இடைவெளி விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தது. லேப்டாப் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூன்று பொத்தான்களை அழுத்தியபோது, அந்த மந்தக் குரல் முதலில் சொன்ன வரவேற்பையே மறுபடி சொன்னது. ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் என் கணவர்.

"நீ எதையும் சொல்லலை அண்ணா. நின்னுக்கிட்டு மட்டும்தான் இருந்த." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அழப் போகிறாளோ என்று நினைத்தேன். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். "பென் டிரைவைப் பிடுங்கலை! அது மறுபடி அதிலிருந்தே ஆரம்பிக்குது. முட்டாள், முட்டாள்." யாரைத் திட்டினாள் என்று தெரியவில்லை. பிடுங்கினாள், அணைத்தாள், போட்டாள். இந்தத் தடவை வேலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கடைசியில், இந்தக் கணினியை யார் பயன்படுத்தப் போகிறார்கள், பெயர் என்ன என்று கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் பெயரை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டினாள். அந்தக் குரல் எழுத்துகளைச் சரியாகச் சொல்லிவிட்டு, முழுப் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது கழுத்தைத் திருகிக் கொன்றது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கொலை பண்றான்" என்றாள். "பரவாயில்லை. என் பேரைத்தானே கொலை பண்றான்."

இன்னொன்றையும் நான் கவனித்தேன். கடையிலிருந்து வந்தபோது திரையின் மூலையில் ஓ.எஸ்.ஸுக்கு உரிமம் இல்லை என்ற வாசகம் எந்நேரமும் மங்கலாக நின்றுகொண்டிருந்தது. இப்போது அதைக் காணோம். லேப்டாப் வாங்கும்போதே உரிமமும் அதோடு சேர்ந்து வந்திருக்கிறது. இணையம் கிடைத்ததும் அது தானாகவே ஏற்றுக்கொண்டது. உரிமையோடு இருந்த பொருளுக்குத் திருட்டுப் பிரதியைப் போட்டு, அவள் பெயரையும் எடுத்துவிட்டு, இதையெல்லாம் உங்கள் நல்லதுக்குச் செய்தேன் என்று சொல்ல என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்!

பழைய டிஸ்க் பாக்கி இருந்தது. "நீ போக வேண்டாம், நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றார் என் கணவர். அவள் கேட்கவில்லை. அடுத்த விடுமுறையில் நாங்கள் இருவரும் போனோம். கடையில் கூட்டம். பிரிண்டரை அணைத்துப் பிடித்தபடி பருத்த மனிதர் ஒருவர். சார்ஜர் வாங்க ஓர் ஆசிரியை. இன்னும் இரண்டு பேர்.

"டிஸ்க்கைத் தேடி வச்சீங்களா தம்பி?"

"அது கிடைக்காது மேடம். நூறு கிடக்கு."

"நூறும் எங்க கிடக்கு? எடுங்க. எங்க அண்ணி பார்ப்பாங்க."

கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து வைத்தார். உள்ளே செத்துப்போன டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் பேனா எழுத்து.

"என்ன எழுதியிருக்கோ படிங்க அண்ணி" என்றாள்.

நான் விதிப்படி படித்தேன். "சொட்டை, அவசரம்." அடுத்ததை எடுத்தேன். "பேரம் பேசுற அம்மா." அடுத்தது, "கத்துற டீச்சர்." சார்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை நிமிர்ந்தார். "குண்டு அங்கிள்."

பிரிண்டர்காரர் மெல்லத் திரும்பினார்.

"மேடம், மேடம், சத்தமாப் படிக்காதீங்க!" என்று பெட்டியைப் பிடித்தார் கடைக்காரர்.

"ஏன் தம்பி? படிச்சுச் சொல்லத்தான் வீட்ல ஆள் இருக்காங்களேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் நாத்தனார்.

"அந்தக் குண்டு அங்கிள் யாருப்பா?" என்றார் பிரிண்டர்காரர்.

"அது... அது வேற ஒருத்தர் சார்."

"போன மாசம் நானும் இங்கதானே டிஸ்க் மாத்தினேன்? செத்துப்போச்சு, குப்பையில போட்டுட்டேன்னு சொன்னியே?"

"கத்துற டீச்சரா?" என்று ஆசிரியை அப்போதுதான் கத்த ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் பெரும் பிரியம் உண்டாயிற்று.

அந்த அமளிக்கு நடுவில் எங்களுடையது கிடைத்தது. அதிலும் அதே இரண்டு வார்த்தைதான். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து மேஜைமேல் ஒட்டிவிட்டு டிஸ்க்கை நாத்தனார் கையில் கொடுத்தேன்.

"சாரி மேடம்" என்றார் கடைக்காரர், என்னிடம். நான் ஒட்டடையைப் பார்த்தேன். அவருக்கு ஒரு வழியாக உறைத்தது. அவள் பக்கம் திரும்பி, "சாரிங்க. தப்பான எண்ணத்துல பண்ணலைங்க" என்றார்.

"உங்க எண்ணம் எனக்குத் தெரியாது தம்பி. நீங்க எழுதினதுதான் ஒரு வாரமா என் காதுல விழுந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கடை வாசல்படி இறங்கினாள். பின்னால் பிரிண்டர்காரர் தன் டிஸ்க்கைத் தேடிப் பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார்.

பழைய டிஸ்க்கிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. மருத்துவமனைக்கு அனுப்பிய கோப்புகள் அவர்களிடமே இருந்ததால் வேலைக்குப் பழுதில்லை. போனது அவளுடைய சுருக்கெழுத்துகள். ஓர் எழுத்து இரண்டு எழுத்து தட்டினால் நீளமான நோய்ப்பெயரும் மருந்துப் பெயரும் தானாக விரிகிற மாதிரி வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். அதை மாற்றுவதற்குள் டிஸ்க் நின்றுவிட்டது. இப்போது முதலிலிருந்து சேர்க்கிறாள். அதற்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும், ஒவ்வொரு நீளப் பெயரையும் முழுசாகத் தட்ட வேண்டி வரும்போது அவள் கடைக்காரரைத்தான் திட்டுகிறாள். நானும் தடுப்பதில்லை.

அவளுடைய தோழிகளும் தோழிகளின் தோழிகளும் இப்போது அவளிடம் ஓ.எஸ். போட்டுக்கொள்ளத் தங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் சோறு வைக்க இடம் கிடைப்பதில்லை. போன வாரம் வயரை ஒதுக்கிவிட்டுத் தட்டு வைத்துக்கொண்டே என் கணவர் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கடைக்காரன் மேல இருந்த கோபம் ஆறிப்போச்சா?"

"ஆறிப்போச்சான்னு கேக்க அது என்ன காபியா அண்ணா?" என்றாள்.